கடைசியில் பார்த்துக்கிடலாம்

முத்துப்பேச்சி தலையைத் தூக்கவே இல்லை. சண்முகக்கனி டீச்சருக்கு முதலில் உறுத்தியது அதுதான். பரீட்சை எழுதுகிற பிள்ளை என்றால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரமாவது நிமிரும், ஃபேனைப் பார்க்கும், பேனா மூடியைக் கடிக்கும், தண்ணி குடிக்கணும் டீச்சர் என்று எழுந்து நிற்கும். அதிலும் இவள் பத்தாம் வகுப்பு டி செக்சன், எழுதுவது கணக்குப் பரீட்சை. அரை மணி நேரத்தில் காம்பஸை வைத்து ஒரு வட்டம், கிராஃப் தாளில் ஒரு கோடு, டி செக்சனுக்குக் கணக்குப் பரீட்சை அத்தோடு சரி. மிச்ச நேரம் முழுக்க டெஸ்க்கில் பேர் செதுக்குவதும் ஜன்னல் வழியே காக்காய் பார்ப்பதும்தான். டீச்சருக்குத் தெரியாதா, அந்த வட்டத்தையும் கோட்டையும் சொல்லிக்கொடுத்ததே அவள்தானே. இப்போது மணி மூன்றே கால். ஒன்றரைக்கு ஆரம்பித்த பரீட்சையில் இவள் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறாள், அடிஷனல் ஷீட் வேறு எழுந்து நின்று கேட்டு வாங்கியிருக்கிறாள். டி செக்சனில் அடிஷனல் ஷீட் கேட்ட பிள்ளையை இருபத்தொரு வருஷ சர்வீசில் டீச்சர் பார்த்ததில்லை. கொடுக்கும்போதே கை தயங்கியது. எதற்கு இவளுக்கு இது, எதை எழுதி நிரப்பப்போகிறாள். முன்னால் யார் என்று பார்த்தாள். மிருதுளா. சரிதான், விஷயம் இதுதானா என்று மனசு அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மிருதுளா ஏ செக்சனில் முதல் மார்க், ஸ்கூல் கமிட்டி மெம்பர் மகள், பேப்பரை டெஸ்க் முழுக்கப் பரப்பிவைத்து எழுதுகிற பிள்ளை. அவளுக்கு நேர் பின்னால் முத்துப்பேச்சி குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்த உட்காரும் வரிசையே டீச்சருக்குப் பிடிக்கவில்லை. எப்போதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளையைத்தான் உட்கார வைப்பார்கள், யார் எதைப் பார்த்தாலும் புண்ணியமில்லாதபடி. இந்தக் காலாண்டுக்கு ஹெட்மாஸ்டர் சீனிராஜ் சார், பொதுத்தேர்வு மாதிரியே எழுதிப் பழகட்டும் என்று நாலு செக்சனையும் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் கலந்து போட்டுவிட்டார். எம் எழுத்துப் பிள்ளைகள் எல்லாம் இந்த ஹாலில். ஜன்னலோர வரிசையில் மாடத்தி, அவளுக்குப் பின்னால் மிருதுளா, அவளுக்குப் பின்னால் முத்துப்பேச்சி. முதலும் கடைசியும் டி செக்சன், நடுவில் ஏ செக்சன். இதை யோசித்துத்தான் போட்டாரா, யோசிக்காமல் போட்டாரா. சீனிராஜ் சார் யோசிக்காமல் எச்சில்கூட விழுங்கமாட்டார். இன்னொன்று, கணக்கு டீச்சரைக் கணக்குப் பரீட்சை ஹாலுக்குப் போடுகிற வழக்கமே இங்கே கிடையாது. தமிழய்யா வரவேண்டிய ஹால் இது. அவர் பேத்திக்குக் காதுகுத்து என்று லீவு போட, "நீங்களே போயிருங்க டீச்சர், உங்களுக்குத்தான் கண்ணு கூர்மை" என்றார் ஹெட்மாஸ்டர், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. யாரையாவது பிடி என்கிறாரா. பிடித்தால் அவருக்கு வேலை சுலபம். காப்பியடித்த பிள்ளை, நாங்களாகத் தள்ளவில்லை, அதுவாகத்தான் போகிறது என்று கமிட்டிக்குச் சொல்லிக்கொள்ளலாம். அப்படியானால் இந்த ஹாலில் கண்கொத்திப் பாம்பாக நிற்கிற தன்னை வேறொருத்தர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று டீச்சருக்குத் தோன்றியது. வராண்டாவை எட்டிப் பார்த்தாள். வராண்டாவில் ஒருத்தரும் இல்லை.

லிஸ்ட் ஹேண்ட்பேக்கின் உள் ஜிப்பில் இருந்தது. மேஜைமேல் இருக்கிற பையை மூன்றாவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், யாராவது திருடிவிடப்போகிறார்கள் என்பதுபோல. திருடிக்கொண்டு போனால்கூட நல்லதுதான். கோடு போடாத வெள்ளைத்தாள், ஏழு பேர். போன வாரம் ஹெட்மாஸ்டர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஹெட்மாஸ்டர் கேட்டார். "பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் அனுப்புறதுக்கு முன்னால ஏழு பேர் போதும் டீச்சர். போன வருஷம் ஏழு பேராலதானே நூறு சதவீதம் போச்சு. நம்ம பிள்ளைகள நாம ஒண்ணும் விரட்டல. அப்பா அம்மாவக் கூப்பிட்டு, டிசி வாங்கிக்கோங்க, பிரைவேட்டா நிதானமா எழுதட்டும்னு தன்மையாச் சொல்லுவோம். அதுகளுக்கும் அதுதான் நல்லது. பரீட்சை முடியுற அன்னைக்கு நாலரைக்குக் குடுத்திருங்க." இன்றைக்குத்தான் பரீட்சை முடிகிறது. எழுத்தில் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் லிஸ்ட் மட்டும் டீச்சர் கையெழுத்தில் வேண்டும். ஏன். நாளைக்கு யாராவது மேலே மனு போட்டால் இது யார் எழுத்து என்றுதானே கேட்பார்கள். இடது கையால் எழுதிக்கொடுக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள், நினைத்துவிட்டுத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். சரி, எழுத்து கிடக்கட்டும். ஏழு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தாள். மார்க் பார்த்துத்தான் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லுவாள். மார்க் பார்த்து எழுதியிருந்தால் கவுன்சிலரின் அக்கா மகன்தான் முதல் ஆளாக இருந்திருக்கவேண்டும், பதினொரு மார்க் வாங்குகிறவன். அவன் பேர் லிஸ்டில் இல்லை. யார் வீட்டிலிருந்து சண்டைக்கு வரமாட்டார்களோ, யாருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் லீவு போட முடியாமல் "நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர்" என்று போனிலேயே சொல்லிவிடுவாளோ, அந்த வீட்டுப் பிள்ளைகள் பேர்தான் அதில் இருக்கிறது. இரண்டாவது பேர் மாடத்தி. மூன்றாவது முத்துப்பேச்சி. மனசறிந்துதான் செய்தாள், யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை, வேலை கொடுத்த குணம். பால்காரர் அளந்து ஊற்றும்போது அவர் பெருவிரலைப் பார்ப்பதும், வீட்டுக்காரர் போனில் மெதுவாகப் பேசினால் அடுப்பைச் சிம்மில் வைப்பதும் எல்லாம் ஹாலில் பழகிய பழக்கம்தான். ஸ்கேலின் பின்பக்கம் பென்சிலால் எழுதியதை, ரிப்பனுக்குள் சுருட்டிய தாளை, இருமலை வைத்து ஒரு மார்க் விடை சொல்லுகிறவர்களை எல்லாம் அவள் பிடித்திருக்கிறாள். ஒரே ஒரு தடவைதான் தப்பாகிப்போனது. பதினாலு வருஷம் இருக்கும், கோமதி என்று ஒரு பிள்ளை, பாவாடை மடிப்புக்குள் கையை விட்டுவிட்டு எடுத்தது. எழுந்திரு என்றாள், அது எழவில்லை. எல்லார் முன்னாலும் மடிப்பை உதறச் சொன்னாள். உள்ளே இருந்து விழுந்தது ஒரு துண்டு நியூஸ்பேப்பர், அதற்குள் மடித்த ரெண்டு வயிற்றுவலி மாத்திரை. சரி, உக்காரு, எழுது என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். சாரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீச்சர் சாரி சொன்னால் நாளைக்கு யார் பயப்படுவார்கள். மறுநாள் பரீட்சைக்குக் கோமதி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ரெண்டு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் குழந்தையோடு நின்றது, பார்த்துவிட்டுப் பார்க்காததுமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதுவும் டி செக்சன்தான். ஏ செக்சன் பிள்ளை மடிப்பில் கையை விட்டிருந்தால் எழுந்திரு என்றிருப்பாளா. இந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்தது இப்போது. இதை எல்லாம் நினைக்கிற நேரத்தில் முத்துப்பேச்சி ரெண்டு கணக்கைப் பார்த்து எழுதியிருப்பாள். டீச்சர் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். அதே குனிந்த தலை, நடுவகிட்டில் எண்ணெய் மினுங்கியது.

காரணமில்லாமல் சந்தேகப்படவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும். ஜூன் மாதத் தேர்வில் முத்துப்பேச்சி எடுத்தது பத்தொன்பது. ஆகஸ்டில் அறுபத்தொன்று. பத்தொன்பது எடுத்தவள் ரெண்டு மாசத்தில் அறுபத்தொன்றுக்கு எந்த ஏணியில் ஏறினாள். டியூஷன் போகிற வீடில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸ், அப்பா கேரளாவில் எங்கேயோ. அப்படியானால் காப்பி, வேறென்ன. காப்பியடிக்கிற பிள்ளை பொதுத்தேர்வில் வெளியூர் டீச்சர் வந்து நின்றால் பார்த்து எழுத வழியில்லாமல் ஃபெயில் ஆகும். ஆகவே லிஸ்டில் மூன்றாவது பேர். அறுபத்தொன்று எடுத்ததற்காகவே ஒரு பிள்ளையை ஃபெயில் லிஸ்டில் சேர்த்த டீச்சர் ஊரிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது டீச்சருக்கே சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் போய்விட்டது. அது மட்டுமா. இந்த டி செக்சனே ஜூலையிலிருந்து சரியில்லை. பத்து ஏ-யும் பத்து டி-யும் ஒரே நீள ஹால், நடுவில் பிளைவுட் தடுப்பு. ஆண்டு விழாவுக்கு நாலு கொக்கியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள், முடிந்ததும் மாட்டிவிடுவார்கள். காலையில் முதல் பீரியடு ஏ செக்சனுக்குக் கணக்கு. டி செக்சனுக்கு அந்தப் பீரியடு சயின்ஸ், ஆனால் சயின்ஸ் டீச்சர் போஸ்ட் ஜூனிலிருந்து காலி, பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் சந்தைக்கடை மாதிரி சத்தம். ஸ்கேலை எடுத்துத் தடுப்பில் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் அடங்கும். ஜூலைக்குப் பிறகு சத்தமே இல்லை. சத்தம் போட்டால் கோபம்தான் வரும். சத்தமே இல்லையென்றால் பயமல்லவா வருகிறது. சுவரேறிக் குதித்துவிட்டார்களா, எவனாவது போன் கொண்டுவந்து எல்லாரும் அதைச் சுற்றிக் கவிழ்ந்திருக்கிறார்களா. ஒருநாள் பூனைமாதிரிப் போய் எட்டிப் பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள். ஆனால் பெஞ்சுகளைக் கரும்பலகைக்கு முதுகைக் காட்டித் தடுப்பைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். "என்னட்டி கூத்து இது" என்றால், "இந்தப் பக்கந்தான் டீச்சர் ஃபேன் ஓடுது" என்றது மாடத்தி. ஃபேன் அந்தப் பக்கம்தான் ஓடியது, பொய் இல்லை. ஆனாலும் என்னமோ மறைக்கிறார்கள் என்று டீச்சருக்கு அன்றைக்கே பட்டது.

மணி மூன்றே முக்கால். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம், மனசும் லேசாகிவிடும் என்று டீச்சர் செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் விட்டாள். வெறுங்காலோடு பின் வரிசை வழியாகச் சுற்றிவந்து முத்துப்பேச்சியின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வெறுங்காலில் தரையின் சூடு ஏறியது. மிருதுளாவின் தாளை முதலில் பார்த்தாள், அதுதான் முறை, எங்கேயிருந்து திருடு போகிறது என்று பார்த்தால் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியும். மிருதுளா கிராஃபில் இருந்தாள், தாள் முழுக்கப் பச்சைக் கட்டம். முத்துப்பேச்சியின் தாளில் கிராஃப் இல்லை. அங்கே ஒரு கோபுரம் இருந்தது. நிஜமாகவே கோபுரம், ஜன்னல் வைத்து, உச்சியில் ஒரு கொடி வைத்து. அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மனுஷன், சட்டை போட்டிருந்தான், சட்டைக்கு மூன்று பட்டன், வயிற்றின் குறுக்கே 1.5 மீ என்று எழுதியிருந்தது. அவன் கண்ணிலிருந்து கொடிவரைக்கும் ஒரு சாய்ந்த கோடு. எந்தக் கேள்வி என்று கொஞ்சம் தடுமாறி, அப்புறம்தான் டீச்சருக்குப் பிடிபட்டது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒருவர் கோபுரத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறார், ஏற்றக் கோணம் நாற்பத்தைந்து, கோபுரத்தின் உயரம் என்ன. ஐந்து மார்க். முக்கோணவியல். முக்கோணவியலை அவள் டி செக்சனுக்கு நடத்தவே இல்லை. அது மெல்லக் கற்போருக்கான மினிமம் மெட்டீரியலில் கிடையாது. "இந்தப் பாடம் உங்களுக்கு வேண்டாம், விட்டுருங்க, வட்டமும் கிராஃபும் போட்டா முப்பத்தஞ்சு வந்துரும்" என்று அவளே சொல்லிப் பத்து பக்கத்தை ஸ்டேப்ளர் அடித்து மூடவைத்திருக்கிறாள். நடத்தாத கணக்கை ஒருத்தி போடுகிறாள் என்றால் பிறகென்ன சாட்சி வேண்டும். கையை நீட்டித் தாளைப் பிடுங்கப் போனாள்.

பிடுங்கவில்லை. ஒரு சந்தேகம் இன்னொரு சந்தேகத்தின் காலை வாரிவிட்டது. மிருதுளாவிடம் பார்த்து எழுதியிருந்தால் கோபுரத்துக்கு ஜன்னல் எப்படி வந்தது. ஏ செக்சனில் யாரும் ஜன்னல் வரையமாட்டார்கள். நேராக ஒரு கோடு, அது கோபுரம். அடியில் குட்டியாக ஒரு கோடு, அது மனுஷன். அப்படித்தான் கரும்பலகையில் போட்டாள், அப்படியேதான் முப்பத்தெட்டுப் பேரும் போடுவார்கள். இந்தப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. கண்ணால் பார்க்காத ஒருத்தி, காதால் கேட்டு, கோபுரம் என்றால் கோயில் கோபுரம்தானே என்று தானாக வரைந்த படம் இது. டீச்சர் இன்னும் குனிந்தாள். எழுத்து சின்னச் சின்னதாக, நெருக்கமாக இருந்தது. முதல் வரி: "ஆள் உயரம் ஒன்னரை மீட்டர். அதக் கடைசில பாத்துக்கிடலாம்." அடுத்து டேன் நாற்பத்தைந்து சமம் ஒன்று, அடுத்து எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், எல்லாம் சுத்தமாக, கடைசியில் விடை முப்பது மீட்டர் என்று அடிக்கோடு. ஒன்றரையைக் கூட்டவில்லை. முப்பத்தொன்றரை வரவேண்டும். டீச்சர் மறுபடி முதல் வரியைப் படித்தாள். அதக் கடைசில பாத்துக்கிடலாம். எந்தக் கைடில் இருக்கிறது இந்த வாக்கியம், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது. இது தன் வாய். முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை முதல் பீரியடு, ஏ செக்சன், இதே ஒன்றரை மீட்டர் கணக்கை ஆரம்பித்து, ஆள் உயரம் ஒன்னரை மீட்டர், அதக் கடைசில பாத்துக்கிடலாம் என்று சொல்லிவிட்டு டேன் போட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. கடைசியில் பார்க்கவே இல்லை. மறுநாள் புதன்கிழமைதான் முதல் வேலையாக ஏ செக்சனில், நேத்து ஒன்ன மறந்துட்டோம், ஆள் உயரத்தக் கூட்டணும் என்று சொல்லி முடித்தாள். ஏ செக்சனில் ஒரு பிள்ளைகூட இனி இந்தத் தப்பைச் செய்யாது. செவ்வாய்க்கிழமையைக் கேட்டு, புதன்கிழமையைக் கேட்காத பிள்ளைதான் இதை எழுதமுடியும்.

புதன்கிழமை டி செக்சன் தடுப்புக்கு அந்தப் பக்கம் இல்லை. காலையிலேயே நோட்டுப் புத்தகம் ஏற்றிய லாரி வந்து நின்றது, நோட்டுக் கட்டுகளை இறக்க ஆள் வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். எந்தக் கிளாஸ் பிள்ளைகளைக் கூப்பிட என்றார். டி செக்சனக் கூட்டிக்கிடுங்க சார், சும்மாதான் இருக்கு என்று சொன்னது யார், கனி டீச்சர்தான். பெஞ்சு தூக்க, மைதானத்தில் கல் பொறுக்க, விழாவுக்கு நாற்காலி போட எப்போதும் டி செக்சன்தான், சும்மாதான் இருக்கு. சும்மா இல்லையே. பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு, தனக்கு இல்லை என்று சொன்ன பாடத்தை ஒரு பலகைக்கு இந்தப் பக்கமிருந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் ஸ்கேலால் தட்டிய அதே பலகை. டீச்சருக்கு வந்தது அழுகை என்று சொல்ல முடியாது, வெட்கம். அப்போதும் பாருங்கள், இருபத்தொரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா, ஒருவேளை வேறு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் என்று ஒரு கடைசிச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. முத்துப்பேச்சியின் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள். "இது யார்ட்டி சொல்லிக்குடுத்தா?" பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தது, ரெண்டு கையாலும் தாளை மறைத்தது. "நான் யாரையும் பாக்கல டீச்சர்." "பாத்தேன்னு சொல்லல. யாரு சொல்லிக்குடுத்தா?" திருட்டை ஒத்துக்கொள்கிற குரலில், "நீங்கதான் டீச்சர்" என்றது. டீச்சர் எழுது என்று கையைக் காட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பினாள், செருப்பைப் போட மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மிச்சமிருந்த முக்கால் மணி நேரமும் அவள் யாரையும் கண்காணிக்கவில்லை. எவனாவது புத்தகத்தையே திறந்துவைத்து எழுதியிருந்தாலும் தெரிந்திருக்காது. ஏழு பேர் ஏழு பேர் என்றே மனசு சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பேரை அடித்துவிட்டு ஆறு பேரைக் கொடுக்கலாம். ஹெட்மாஸ்டர் சரியென்பார், ஆறு என்றாலும் சரிதான், இன்னொன்று பார்ப்போம் என்பார். ஆனால் அந்த ஆறு பேரில் யார் யார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ, யாருக்குத் தெரியும். பெஞ்சைத் திருப்பிப் போட்டது ஒருத்தி மட்டும் இல்லையே. நாலரை மணி அடித்தது. டீச்சர் எழுந்து தாள்களை வாங்க ஆரம்பித்தாள். ஜன்னலோர வரிசையில் முதலில் மாடத்தி. தாளை நீட்டிவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனாள். டீச்சர் நின்ற இடத்திலேயே புரட்டினாள். வட்டம் இருந்தது, கிராஃப் இருந்தது, ரெண்டு மார்க் கேள்வி ரெண்டு மூன்று தப்பும் சரியுமாக. கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி நம்பர். கீழே படம் இல்லை, டேன் இல்லை, விடை இல்லை. ஒரே ஒரு வரி. "ஆள் உயரம் ஒன்னரை மீட்டர், அதக் கடைசில பாத்துக்கிடலாம்." அதற்குக் கீழே அரைப்பக்கம் வெறுமையாக விட்டிருந்தது, டீச்சர் மறுநாள் வந்து எழுதுவதற்கு என்பதுபோல. மிருதுளாவுக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளை, யாரைப் பார்த்து எழுத முடியும். ஒரு மார்க்கும் போட முடியாத அந்த வரியைப் பார்த்துக்கொண்டு டீச்சர் நின்றாள்.

"சார் அந்த லிஸ்ட கேட்டாக டீச்சர்" என்று ராக்கம்மா வாசலில் வந்து நின்றாள், ஆபீஸ் வேலை பார்க்கிறவள், ஸ்கூலில் நடப்பது எல்லாம் தெரிந்தும் தெரியாதமாதிரி நிற்கிற பொம்பளை. டீச்சருக்குக் கடைசில பாத்துக்கிடலாம்னு சொல்லுங்க என்று வாய்வரை வந்துவிட்டது. வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினாள். ஜிப்பைத் திறந்து வெள்ளைத்தாளை எடுத்தாள். இப்போது தைரியமாக இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் தைரியம் இருக்குமா. மிருதுளா அப்பா வருவார், ஏ செக்சனோடு டி செக்சனைக் கலப்பதா என்று குதிப்பார், ஹெட்மாஸ்டர் மெமோ கொடுப்பார், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கமிட்டி ஸ்கூலுக்குத் தூக்கி அடிப்பார். நாளைக்குக் காலையில் இந்தத் தாள் பையில் இருந்தால் தான் கொண்டுபோய்க் கொடுத்துவிடக்கூடிய ஆள்தான். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டுவிட்டுத் தன்னை மட்டும் நம்பினால் எப்படி. ராக்கம்மா பார்க்கப் பார்க்க லிஸ்டைக் குறுக்கே கிழித்தாள், கிழித்ததை மறுபடி கிழித்தாள். "லிஸ்ட் கிடையாதுன்னு சொல்லுங்கக்கா. ஏழு பேரும் இங்கேயேதான் எழுதுவாங்க. லீவு முடிஞ்சு வாற அன்னைக்குக் காலையில அந்தத் தடுப்புக் கொக்கிய யாரையாவது வச்சிக் கழட்டிருங்க. முதப் பீரியடு ரெண்டு கிளாசுக்கும் நான்தான்." ராக்கம்மா கிழிந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள், சார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுபோல, குப்பைத் தொட்டியில் போடவில்லை.

ஹால் காலியாகிவிட்டது என்று நினைத்துத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், தூணுக்குப் பக்கத்தில் முத்துப்பேச்சி நின்றுகொண்டிருந்தாள். பையை மார்போடு அணைத்தபடி, அடி விழுமா விழாதா என்று பார்க்கிற பார்வை. டீச்சர் கூப்பிடவில்லை, அதுவாகவே ரெண்டு எட்டு முன்னால் வந்தது. "டீச்சர், அந்த ஒன்னரைய கடைசில கூட்டணுமா, கழிக்கணுமா? அன்னைக்கு எங்கள நோட்டு இறக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." டீச்சர் தாள் கட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள். "கூட்டணும்" என்றாள்.